ஸகுஸோவின் முத்திரை

பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் வெள்ளை அங்கியை விலக்கி, முறிந்த கார் ஆக்ஸில் துண்டை அவர் இடுப்போரம் செருகினாள் நூயி. ஒரு சாண் நீள இரும்பு. மேலே செவ்வந்திப் பூவைப் பரப்பிவிட்டு நிமிர்ந்தபோது சவப்பெட்டிக் கடைக்காரர் ஆணிகளோடு உள்ளே வந்தார்.

"உலோகம் எதுவும் வெக்கலையே, தங்கச்சி? சுடுகாட்டுல மூக்குக் கண்ணாடிகூட ஆகாதும்பாங்க."

"ஒண்ணும் இல்ல. ஆணிய அடிங்க."

அடுத்த அறையில் சித்தப்பா ஸகுஸோ, காருக்கு அனுமதி தரவேண்டிய அரசாங்க இலாகா அதிகாரிக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே காலையிலிருந்து பத்தாவது முறையாக அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க. ஹகோனே மலை ஏத்தத்துல கியர முரட்டுத்தனமா போட்டுட்டாரு. எங்க காரு மேல ஒரு குத்தமும் இல்ல."

நூயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும்தான், ஆனால் கூடப் பிறந்தவன் பிணத்துக்குப் பக்கத்திலேயேவா?

கமாதாவில் இருந்த அந்தப் பட்டறை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஒரு அமெரிக்கக் காரை அக்கக்காகக் கழற்றி, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்து, ஐந்து வருஷத்தில் சொந்தமாக ஒரு கார் எழுப்பினார்கள். வார்ப்பதும் ஓட்டிப் பார்ப்பதும் அப்பா தமெகிச்சியின் வேலை. பாகங்களைச் சோதித்து முத்திரை குத்துவது சித்தப்பா. வட்டத்துக்குள் அவர் பெயரின் முதல் எழுத்து இல்லாத எதுவும் காரில் ஏறக்கூடாது. இலாகாவுக்குக் காட்டும் தேதி நெருங்கியதும், பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிப் பதமேற்றாத ஆக்ஸிலுக்கும் அந்த முத்திரையைக் குத்தினார். அப்பா ஓட்டிப் பார்க்கையில் மலையேற்றத்தில் அது முறிந்தது. அப்பா பனிமழையில் இறங்கிப் போய், புதியதை முதுகில் சுமந்துகொண்டு திரும்ப ஏறினார். வீட்டுக்கு வந்து படுத்தவர்தான், நாலாம் நாள் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டார்.

"முறிஞ்ச எடத்தப் பாரு, நூயி. பதமே ஏறல" என்று அந்தத் துண்டை அவள் கையில் கொடுத்திருந்தார். அதற்கு மேல் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பா படுக்கையில் இருக்கும்போதே அவள் சித்தப்பாவிடம் போய்க் கேட்டாள். "அது அப்பா தப்பு இல்லன்னு இலாகாவுல நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க. போதும்."

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இரும்புப் பேச்சு? போயி அடுப்பப் பாரு."

அதோடு சரி. மூன்று நாளாக இருவருக்கும் பேச்சு இல்லை.

வாசலில் கோயில் கூரை வைத்த சவ வண்டி வந்து நின்றது. கூரைக்குக் கீழே இருந்தது அமெரிக்கக் கார்.

"நம்ம நாட்டுக் காரு, நம்ம நாட்டுக் காருன்னு ஆயுசு பூரா கெடந்த மனுசன், கடைசியில இதுல போறாரு பாரு" என்றாள் பக்கத்து வீட்டு இஷி. சித்தப்பாவின் காதில் விழ வேண்டும் என்றேதான் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன் முனகினான். "என்னங்க, இப்படிக் கனக்குறாரு?"

"அஞ்சு வருஷ இரும்புத் தூசி நெஞ்சுல இருக்குல்ல" என்றாள் நூயி.

சுடுகாட்டில் எரிந்து முடிந்ததும் உலையிலிருந்து தட்டை வெளியே இழுத்தார்கள். ஒரு எலும்பை இருவர் சேர்ந்து, ஆளுக்கொரு ஜோடிக் குச்சியால் தூக்கிக் கலயத்தில் போட வேண்டும். சாப்பிடும்போது இருவர் குச்சி ஒரே துண்டைப் பிடிப்பது மறந்தும் செய்யாத காரியம்; அது சாவுக்கு மட்டும் உரியது. நெருங்கிய உறவு என்று மிஞ்சியவர்கள் அவளும் சித்தப்பாவும்தான். எதிரெதிரே நின்றார்கள். அதிகாரி பின்னால் கைகட்டி நின்றார்.

கால் எலும்பில் ஆரம்பித்தார்கள். அவர் குச்சி அவளுடையதில் உரசும்போதெல்லாம் அவளுக்கு அருவருத்தது. இடுப்புக்கு வந்ததும் சித்தப்பாவின் கை நின்றது. வெள்ளைச் சாம்பலுக்கு நடுவே கறுப்பாகக் கிடந்தது இரும்பு. அதன் பக்கவாட்டில் வட்டமும் எழுத்தும் அப்படியே இருந்தன.

"யாரு வெச்சது இத?" என்று சுடுகாட்டு ஆள் சீறினான்.

"நாந்தான்" என்றாள் நூயி. குச்சியை இரும்பின் ஒரு நுனியில் வைத்தாள். "சித்தப்பா, இதையும் ரெண்டு பேருமாத்தான் எடுக்கணும்."

அவர் குச்சியை வைத்தார். தூக்கினார்கள். ஒரு விரல்கடை எழும்பி நழுவியது. மறுபடி தூக்கினார்கள், மறுபடி நழுவியது. அதிகாரி ஓரடி முன்னால் வந்தார்.

"என்ன அது?"

சித்தப்பா குச்சியைக் கீழே வைத்தார். வெறுங்கையால் இரும்பை எடுத்தார். அது இன்னும் ஆறியிருக்கவில்லை. தோல் கருகும் வாடை வந்தது. அவர் விடவில்லை.

"ஆக்ஸிலுங்க. பதம் ஏறாதது" என்றார். "அண்ணன் ஒழுங்காத்தான் ஓட்டினாரு. இது என் முத்திர."

கலயத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தார். வலது கை குச்சியைப் பிடிக்க மறுத்தது. நூயி அடுத்த எலும்பின் ஒரு முனையைப் பற்றிக்கொண்டு, அவர் இடது கையில் குச்சியை மாற்றிக்கொள்ளும் வரை காத்திருந்தாள்.