மியாவைக் காட்டி ஊட்டிய சோறு

தனுஷனுக்கு உலகத்தில் ஒரே மிருகம்தான். அதன் பெயர் மியா. நாய், மாடு, கோழி எதைக் காட்டினாலும் பெரிய மனுஷன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆனால் பொழுது சாயும் நேரத்தில் பின்பக்க ஜன்னலில் தொற்றிக்கொண்டு "மியா, மியா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டால், அவன் அம்மா சுதர்ஷினி போட்டது போட்டபடி சோற்றுத் தட்டோடு ஓடி வரவேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு ஒரு பருக்கை உள்ளே போகாது.

அந்த மியா பூனை இல்லை. சிறுத்தை. தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கிற லயத்துக்குப் பின்னால், தேயிலைக்கு மேலே இருக்கிற பாறையில் வந்து படுத்துக் கிடக்கும்.

முதல் நாள் அதைப் பார்த்ததும் சுதர்ஷினி சோற்றுத் தட்டோடு ஜன்னலுக்கு ஓடினாள். ஜன்னலைச் சாத்தக் கை நீட்டியவள் பிள்ளையைப் பார்த்தாள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டரை வயதாகியும் ஒரு வாய்ச் சோற்றுக்கு உயிரை வாங்குகிற பிள்ளை. கிளினிக்கில் நிறை போடும்போதெல்லாம் ஏச்சு வாங்குவது இவள்தான். திறந்த வாயைக் கண்ட தாய்க்குப் புத்தி வேறு எங்கே போகும்? ஒரு உருண்டையை வைத்தாள். விழுங்கினான். இன்னொன்று வைத்தாள். தட்டு காலியானது.

அதன்பிறகு அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. புருஷன் அழகுமுத்துவிடம் சொன்னால் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆம்பிளைகள் பட்டாசும் தகரமுமாகக் கிளம்பிவிடுவார்கள். சிறுத்தை ஓடிவிடும், பிள்ளை மறுபடியும் வாயை இறுக்கிக்கொள்வான். அது பாட்டுக்கு இருக்கட்டும், நாம் பாட்டுக்கு இருப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இருக்கத்தான் முடியவில்லை. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டால், தனுஷன் ஆயாவின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு மலைப்பக்கம் ஓடினான். இந்தப் பிள்ளையைத் தன்னால் பார்க்க முடியாது என்று ஆயா கையை விரித்துவிட்டாள். சுதர்ஷினி கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்தினாள். விடிந்தால் அந்த ஒற்றைக் காம்பரா, அடுப்புப் புகை, கொண்டி போட்ட கதவு, கதவை அறைந்துகொண்டே இருக்கிற பிள்ளை. மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற நேரத்தில் பழைய சேலையை அவன் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்துவிட்டுப் போவாள். சில நாள் அவள் திரும்பி வருவதற்குள் அழகுமுத்து வேலை முடிந்து வந்திருப்பான். "அப்பா, அவுத்து" என்று பிள்ளை இரண்டு கையையும் நீட்டும்.

"ஏன் புள்ள, இது என்னா கன்னுக்குட்டியா?" என்பான் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே.

"நீங்க ஒரு நாளைக்கு வீட்டுல இருந்து பாருங்க. கட்டிப்போட்டிருக்கது அவனையா என்னையான்னு தெரியும்."

அந்த மாதம் காட்டுப்பன்றி இறங்கி, லயத்தார் போட்டிருந்த லீக்ஸ் பாத்தி முழுவதையும் உழுதுவிட்டுப் போனது. அழகுமுத்து எங்கிருந்தோ ஒரு பழைய பிரேக் கேபிளைக் கொண்டுவந்து சுருக்குப் போட்டான். இது அந்த லயத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான். பன்றி விழுந்தால் கறி எல்லா வீட்டுக்கும் போகும். யார் கம்பி என்று கேட்கிற வழக்கம் மட்டும் கிடையாது.

"எங்கன கட்டப்போறீங்க?"

"பாறைக்குக் கீழ, தேயில ஓரமா. அந்தத் தடத்துலதான் எறங்குது."

சுதர்ஷினி அடுப்பை விட்டு எழுந்தாள். "அங்க வேணாங்க" என்றாள்.

"ஏன்?"

"சும்மாதான்."

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். சொல்வதற்கு அவளுக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, விடியும்போது கேட்ட உறுமலில் லயமே எழுந்து நின்றது. இடுப்பில் கம்பி இறுகி, மண்ணைப் பிறாண்டிக்கொண்டு கிடந்தது சிறுத்தை. வெயில் ஏறியபோது வனஜீவராசி அதிகாரி பொலிஸோடு வந்தார். மிருக டாக்டர் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கம்பி கட்டினது யாரு?" என்றார்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

கம்பி கட்டிய முளை, தேயிலை ஓரத்தில் இருந்த சின்னத்தம்பியின் பாத்திக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அடுத்த காம்பராவில் தனியாக இருக்கிற கிழவர். அதிகாரி அவரை ஜீப்பில் ஏறச் சொன்னார்.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றார் சின்னத்தம்பி. அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அழகுமுத்து நின்ற பக்கம் அவர் கண் போகவில்லை.

சுதர்ஷினி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் புருஷன் போவான். மூடினால் கிழவர் போவார். கிழவருக்குப் பின்னால் அழ ஆளில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்த தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

தனுஷனுக்கோ கொண்டாட்டம். மியா இவ்வளவு கிட்டத்தில். "மியா, மியா" என்று துள்ளினான். சிறுத்தை வலியில் கத்தியதும் அவன் முகம் மாறியது. திமிறிக் கீழே இறங்கினான். நேரே போய் அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, மியா. அவுத்து."

அழகுமுத்து குனிந்து பிள்ளையைப் பார்த்தான். தூக்கிக்கொண்டு வந்து சுதர்ஷினியின் கையில் கொடுத்தான். பிறகு ஜீப்புப் பக்கம் திரும்பினான்.

"ஐயா, அந்தப் பெரியவர விட்டுடுங்க. கம்பி என்னுது."

டாக்டர் வந்து மயக்க ஊசி போட்டார். கம்பியை வெட்டி, மூச்சு இருக்கிறது என்று சொல்லி, சிறுத்தையைக் கூண்டில் கிடத்தி லொறியில் ஏற்றினார்கள். பின்னால் நின்ற ஜீப்பில் அழகுமுத்து ஏறப்போனபோது சுதர்ஷினி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

"நாங்க தெனமும் பாத்தோங்க. அந்தப் பாறையிலதான் படுத்திருக்கும். அதப் பாத்தாத்தான் இவன் வாயத் தொறந்தான். ஒங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன்."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"இனிமே எதக் காட்டி ஊட்டப்போற?" என்று கேட்டான்.

லொறி முன்னே புறப்பட்டது. ஜீப் அதன் பின்னால் இறக்கத்தில் திரும்பியது. தனுஷனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அப்பாவும் மியாவும் ஒன்றாகப் போகிறார்கள்.

"அப்பா டாட்டா. மியா டாட்டா" என்று கையை ஆட்டினான்.

சுதர்ஷினி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். அவன் மற்றக் கையைத் தூக்கினான்.