வலது பெட்டியின் ஃபியூஸ்

ஹிசார்யா வெந்நீர் ஊற்றில் பத்து நாள் குளியல் முடித்துத் திரும்பிய மாலை, பாட்டுப் போட்டேன். வலது ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை. பின்பக்க மூடியைக் கழற்றினால், உள்ளே சின்னக் கண்ணாடி ஃபியூஸ் கரிந்து கிடந்தது.

அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டுச் சாவி ராஷ்கோவிடம் இருந்தது. ராஷ்கோ என் சகலை. என் மனைவி ரூஜாவின் தங்கையைக் கட்டியவன். இதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே இருக்கிறான். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றத்தான் சாவி கொடுத்தோம். செடிகள் வாடவில்லை. ஆனால் ராக்கியா சாராய பாட்டில் அலமாரியில் நான்கு விரல் நகர்ந்திருந்தது.

"குடிச்சிருந்தா அளவுதானே குறையணும்? பாட்டில் எதுக்கு நகரணும்?" என்றாள் ரூஜா.

"அளவை நான் குறிச்சு வைக்கலையே."

"அதான் உனக்கு இப்போ வருத்தம்."

எனக்கு அவகாசம் குறைவு. செவ்வாய்க்கிழமை புனித மினாவின் நாள். என் பெயர் மின்ச்சோ, அந்தப் புனிதரின் பெயர்தான்; ஆகவே அது என் பெயர் நாள், வீட்டில் விருந்து. பெயர் நாளுக்கு எங்கள் ஊர் சேவ்லியெவோவில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கதவு திறந்திருக்கும், வேண்டியவர்கள் வருவார்கள். ராஷ்கோ இருபத்தாறு வருடமாக முதல் ஆளாக வருகிறவன். அவனோடு இனி ஒரே மேசையில் உட்காரலாமா கூடாதா என்பது அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

முதலில் ஃபியூஸ். மூடியில் எழுதியிருந்தது: ஒன்று புள்ளி ஆறு ஆம்பியர், உடனே அறுந்துபோகும் ரகம். மின்சாமான் கடைக்காரி ஐந்து ஆம்பியரை நீட்டி, "இதைப் போடுங்க, ஆயுசுக்கும் போகாது" என்றாள். ஃபியூஸ் போகவேண்டிய நேரத்தில் போவதற்குத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மாதிரிக்காக நன்றாக இருந்த இடது பெட்டியின் ஃபியூஸையும் கழற்றிக்கொண்டு, சந்தையில் பழைய ரேடியோ சாமான் விற்கும் கோல்யுவிடம் போனேன்.

கோல்யு இடது ஃபியூஸைக் கண்ணுக்கு அருகே பிடித்தார். நகத்தால் சுரண்டினார். "ஐயா, இது ஃபியூஸ் இல்ல. செத்துப்போன ஃபியூஸ் மேல சிகரெட் வெள்ளித்தாளைச் சுத்தியிருக்கு. யாரு செஞ்ச வேலை?"

எனக்குத் தெரிந்து அந்த வேலை ஒரே ஆளுடையது. ராஷ்கோ வீட்டு மின்பலகையில் பாதி செம்புக் கம்பியும் வெள்ளித்தாளும்தான். சரியான ரகத்தில் இரண்டு ஃபியூஸ் வாங்கிக்கொண்டு நேரே கட்டடத்தின் நிலவறைக்கு இறங்கினேன். ராஷ்கோ முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்க்குள் ரப்பர் குழாயை விட்டு, உப்புநீர் கலங்குவதற்காகக் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தான்.

வெள்ளித்தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "என்ன இது, சகலை?"

குழாயை எடுத்தான். "ஓ, இது இன்னும் இருக்கா! தொண்ணூத்தேழுல உன் பொண்ணு பள்ளிக்கூடம் முடிச்ச விருந்துல நான்தான் வச்சேன். ஃபியூஸ் போச்சு, கடையில ரொட்டியே கிடைக்காத வருஷம், ஃபியூசுக்கு எங்க போறது? நீ முற்றத்துல ஆடிக்கிட்டிருந்த."

"இப்போ வலது பக்கத்தை எரிச்சதும் நீதானே? சாவியைக் கொடு."

அவன் சாவியை எடுத்துப் பீப்பாய் மூடிமேல் வைத்தான். பிறகு கேட்டான்: "கிளம்புறதுக்கு முந்தின நாள் பாட்டுப் போட்டியா?"

"போட்டேன். ரூஜா மிளகா வறுத்துக்கிட்டிருந்தா, கேக்கலைன்னு சத்தமா வச்சேன்."

"நடுவுல சத்தம் திடீர்னு குறைஞ்சுதா?"

குறைந்தது. ரூஜாதான் வந்து குறைத்தாள் என்று நினைத்து அணைத்துவிட்டேன். இப்போதுதான் அது உறைத்தது. இடது பெட்டி வருடக்கணக்காக மந்தமாக ஒலிக்கிறது என்று, சத்தத்தில் பெரும்பகுதி வலது பக்கம் போகும்படி நானே குமிழைத் திருப்பி வைத்திருந்தேன். அந்தப் பாரத்தில்தான் வலது ஃபியூஸ் போயிருக்கிறது. எரித்தவன் நான். "இடது மந்தமா இருக்குன்னு குமிழை வலது பக்கம் திருப்பி வச்சிருந்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

"இடது ஏன் மந்தம்?" என்றான் ராஷ்கோ. பதிலையும் அவனே சொன்னான், குரல் இறங்கி. "என் வெள்ளித்தாள் காப்பாத்தல. உள்ளே சின்ன ஸ்பீக்கர் கருகிப் போயிருக்கும்." பிறகு குழாயை மறுபடி வாயில் வைத்துக்கொண்டான். நானும் மன்னிப்புக் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் வீடு நிறைந்தது. "சகலையைக் காணோமே?" என்று மூன்று பேர் கேட்டார்கள். நான்காவது ஆள் கேட்கவில்லை. ரூஜாவைப் பார்த்து மட்டும் தலையசைத்தார். அது இன்னும் மோசம். நான் இரண்டு மாடி இறங்கி அவன் கதவைத் தட்டினேன்.

சலவைச் சட்டையோடுதான் நின்றான். "என்ன?"

"உன்னைக் கூப்பிட வந்தேன்."

"பெயர் நாளுக்கு யாராவது கூப்பிடுவாங்களா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எரிச்சது நான்தான். வா."

அவன் உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தான். பழைய பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன ஸ்பீக்கர். "இடதுக்கு," என்றான். "கம்பியெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. பார்த்துக்கோ, நம்ப மாட்டியே."

படிக்கட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளித்தாள் எங்கும் இல்லை.