ஓட்டை வழியே விழுந்த தெரு

டெய்லரைச் சுட்டுக் கொன்ற காட்சி, எதிரே இருந்த போட்டோ ஸ்டூடியோவின் இருட்டறைச் சுவரில் தலைகீழாக விழுந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. தலைகீழாக விழுந்தது முறைதான். இருட்டான அறை, அதில் ஒரு சின்ன ஓட்டை, எதிரே ஒரு வெள்ளைச் சுவர், இவ்வளவும் அமைந்துவிட்டால் வெளியே இருக்கும் தெரு உள்ளே வந்து தலைகீழாக நிற்கும். காமிரா என்பது அவ்வளவுதான், மீதியெல்லாம் விலை. நெகட்டிவாக இல்லாமல் முழு வண்ணத்தில் விழுந்ததும், வெறும் சுண்ணாம்புச் சுவர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டதும்தான் முறையில் சேராதவை. இத்தனை வருடம் சுவரில் தெறித்த போட்டோ கழுவும் மருந்துதான் காரணம் என்று தெரு பின்னாளில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனது.

ஓட்டையைப் போட்டது ஒரு தோட்டா. தெருவைக் காலி செய்து தரச்சொல்லி ஒரு கட்டட முதலாளி ஏவிய ஆள், காலை வெயிலில், எல்லோரும் பார்க்கத்தான், காலி செய்ய மறுத்த டெய்லரைக் குறிபார்த்தான். டெய்லர் குனிந்துகொண்டார். தோட்டா இருட்டறையின் ஜன்னல் பலகையைத் துளைத்து, உள்ளே பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரரின் கழுத்தில் இறங்கியது. அடுத்த இரண்டும் டெய்லரின் மார்பில் பாய்ந்தன. தெரு முழுக்க ஸ்டூடியோ அக்கா என்று கூப்பிடும் ஸ்டூடியோக்காரரின் மனைவி ஓடி வந்தபோது, புருஷன் கழுத்திலிருந்து ரத்தமும் பலகையிலிருந்து வெளிச்சமும் பீறிட்டுக்கொண்டிருந்தன. அவள் முதலில் அடைத்தது பலகை ஓட்டையை. இருட்டறையில் வெளிச்சம் புகுந்தால் பேப்பரெல்லாம் பாழ் என்று பழகிப்போன கை முந்திக்கொண்டது. கறுப்புத் துணியை அங்கே திணித்துவிட்டுத் திரும்பியபோது அவர் போய்விட்டிருந்தார். அந்தக் கையை அவள் பிறகு ஒருநாளும் மன்னிக்கவில்லை.

எல்லாம் முடிந்து, தரையைக் கழுவுவதற்காகச் சிவப்பு விளக்கைப் போட்டபோதுதான் சுவரைப் பார்த்தாள். தெருவின் தரை மேலே கூரையோரமாக ஓடியது. டெய்லர் வாயைப் பிளந்தபடி தலைகீழாகத் தொங்கினார். சுற்றிலும் டீக்கடைக்காரர், சலூன்காரர், இரும்புக்கடை அண்ணன் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். "நான் உள்ள இருந்தேன் சார், எதையும் பாக்கல" என்று போலீஸிடம் சொன்னவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். துப்பாக்கிக்காரனின் முகம் தெரிவதற்காக அவள் கழுத்தைச் சாய்த்தாள். அது அவள் தம்பி. அம்மா போனபின் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. புருஷனை எவ்வளவு தேடியும் காணவில்லை. காமிராவுக்கு உள்ளே இருப்பவர் படத்தில் விழமாட்டார்.

படம் விழுந்திருந்ததே தவிர இன்னும் நிற்கவில்லை. ஹைப்போ மருந்தில் கழுவாத படம் பகல் வெளிச்சம் பட்டால் கறுத்துப்போகும், கழுவிவிட்டால் என்றைக்கும் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் தம்பி தப்பிப்பான். சுவரைக் கழுவினால் புருஷனின் சாவுக்கு ஒரு சாட்சி மிஞ்சும். இரண்டுக்கும் மனம் வராமல் இருட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள். கடைசியில் தம்பிக்கே ஆள் அனுப்பினாள். வேறு யாரிடம் சொல்வாள்?

அவன் வந்து, படத்தைப் பற்றிக் கேட்டதும் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "தெரியாம பட்டுடுச்சுக்கா. மாமாமேல எனக்கு என்ன கோவம்?"

"டெய்லர்மேல?"

"அது வேலை. நீ அந்த ஜன்னல மட்டும் தொறந்து விட்டுடு. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

"போலீஸ்ல போய் உண்மையச் சொல்லுடா. நானும் கூட வரேன்."

அழுகை பட்டென்று நின்றது. சாவிக்காக அவளை அடித்ததில் இரண்டு பற்கள் விழுந்தன, மணிக்கட்டு சுள்ளி மாதிரி ஒடிந்தது. அவள் எப்படியோ இருட்டறைக்குள் புகுந்து தாழ்போட்டு, இன்னொரு கையால் துணியை ஹைப்போவில் முக்கிச் சுவர் முழுக்கத் துடைத்தாள். அழுதுகொண்டேதான் துடைத்தாள். அவன் உதைத்து உதைத்துக் கதவு பிளந்து பகல் உள்ளே வந்தபோது படம் அசையவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த தெரு அவன் முதுகுக்குப் பின்னால் நின்று படத்தைப் பார்த்தது. அவனை அவர்கள் ஏற்கெனவே நேரில் பார்த்தவர்கள்தான். பார்த்திராதது தங்களை. கை கட்டி நிற்கும் தன் உருவத்தை ஒவ்வொருவரும் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்த அவமானம் முழுவதும் அவன்மேல் இறங்கியது. இடுப்பிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி, தலைமுடியைப் பற்றித் தெருவுக்கு இழுத்துப்போனார்கள். இரும்புக்கடையிலிருந்து கடப்பாரை வந்தது, டீக்கடையிலிருந்து கொதிக்கிற பாய்லர் தண்ணீர் வந்தது, சலூன்காரர் கத்தியோடு வந்தார். அவள் பார்க்க முடியாமல் உடைந்த கதவை ஒருக்களித்துச் சாத்தி, உள்ளே தொங்கிய கறுப்புத் திரையை இழுத்துக்கொண்டாள். அவன் தலையை யாரோ ஜன்னல் பலகையில் மோத, ஓட்டையிலிருந்த துணி கழன்று விழுந்தது. வெளியே நடந்ததெல்லாம் உள்ளே வந்து, சுவரில் மிச்சமிருந்த வெள்ளையில் தலைகீழாக நடந்தது. அக்கா என்று அவன் கத்தியது மட்டும் நேராகக் கேட்டது. சகிக்கமுடியாமல் அவள் துணியை எடுத்து ஓட்டையை அடைத்தாள். அதனால் அந்தப் படமும் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து இரும்புக்கடை அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு கதவருகே வந்தார். "ஜன்னலத் தொறந்துடும்மா. உனக்காகத்தான செஞ்சோம்."

"ஹைப்போ இன்னும் மீதி இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் புதுப் படத்தையும் அதில் முக்கிய துணியால் துடைத்தாள்.

போலீஸ் வந்து கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. எல்லோரையும் பிடித்தால் தெருவில் கடை திறக்க ஆளிருக்காது என்று திரும்பிப் போய்விட்டது. முதலாளியும் இந்தப் பக்கம் வரவில்லை. அவள் ஒற்றைக் கையால் ஸ்டூடியோவை நடத்தினாள். வருடங்கள் போகப்போக, இரண்டாவது படத்தின் மேல்விளிம்பில் தேங்கிய ரத்தம் கூரை வழியாகப் பரவி, முன்னறையில் நாற்காலி போட்டிருக்கும் இடம்வரை வந்தது. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தபோது நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

"அக்கா, மேல ஏதோ ஒழுகுது."

"என் தம்பிங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தாள் அவள். அவரும் துடைத்துக்கொண்டு, நாற்காலியைத் தள்ளிப் போட்டு, காலரைச் சரிசெய்துகொண்டு காமிராவைப் பார்த்தார்.