ரஹீமுன்னிசா வீட்டுச் சுவர்

"நம்ம உடம்ப வுட்டுப் போற அரிப்பு எங்கம்மா போயி குந்திக்கும்?" என்று எழில்மொழி தன் ஆறாவது வயதில் கேட்டாள். அவளுடைய முழங்கையில் இருந்த சிரங்கு அன்று காலைதான் உதிர்ந்திருந்தது. இட்லிக் கடை வைத்திருக்கும் அவளுடைய அம்மா பட்டம்மாள், "ஹாங், உங்கப்பன் போன எடத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டுச் சட்னிக்குத் தாளிக்கப் போய்விட்டார். அது ரஹீமுன்னிசா வீட்டுத் தெருப்பக்கச் சுவருக்குப் போகிறது என்பது அப்போது தண்டையார்பேட்டையில் யாருக்கும் தெரியாது. தெரியவந்தபோது சுவரில் ஏழு வருடச் சொறி சேர்ந்திருந்தது.

ரஹீமுன்னிசா பருப்புக் குடோன் ஒன்றில் கிழிந்த சாக்குகளுக்குத் தையல் போடுபவர். கணவர் இறந்த பிறகு அப்பாவு என்பவரின் வீட்டில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். மாலையில் குடோன் விட்டு வந்து, அசர் தொழுகையை முடித்து, வாசலோரத்து அம்மியைக் கழுவும்போது அங்கே சொறி சிரங்குக்கு மருந்து கேட்டு ஏழெட்டுப் பேராவது காத்திருப்பார்கள். அவரிடம் இலை இருக்காது. இலையை வந்தவர்தான் பறித்து வர வேண்டும். அதுவும் தன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் முளைத்ததாக இருக்க வேண்டும். இந்த லாரித் தூசியில் என்ன முளைக்கும் என்று புதிதாக வருகிறவர்கள் சலித்துக்கொள்வார்கள். தேடிப் பார்த்தால் ரயில் பாதை ஓரத்திலும் கண்டெய்னர் லாரிகள் நிற்கிற மைதானத்தின் விளிம்பிலும் சாக்கடை மூடியின் இடுக்கிலும் குப்பைமேனி தலையாட்டிக்கொண்டிருக்கும். அந்த இலையை மூன்று தண்ணீரில் அலசிக் கல்லுப்போடு அரைத்துச் சொறிக்குக் கொடுப்பார். படர்தாமரைக்குச் சீமையகத்தி. காசிமேட்டில் ஐஸில் நின்று மீன் பெட்டி தூக்குகிற லூர்து போன்றவர்களின் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு மருதாணி இலை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கை வெடித்து நீர் வடிகிற கரப்பானுக்கு, பூவரசங்காயை உரசினால் வரும் மஞ்சள் பால். வேர்க்குருவுக்கு அவர் எதுவும் அரைப்பதில்லை. நுங்குத் தண்ணீரைத் தடவிக்கொண்டு நைலான் சட்டையைக் கழற்றி வைக்கச் சொல்வார். வெளுத்துப்போய், அரிக்காமல், கிள்ளினாலும் உறைக்காத தேமலாக இருந்தால் அம்மியைத் தொடவே மாட்டார். "இது என் இலைக்கு அடங்காது. நாளிக்குக் காலீல ஆஸ்பத்திரிக்குப் போற, சீட்டக் கொண்டாந்து என் கைல காட்ற" என்பார். அப்படிப் போய் மாத்திரை தின்று முழுசாகக் குணமானவர்கள் அந்தத் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

அவர் காசு வாங்குவதில்லை. நன்றி சொல்லவும் விடமாட்டார். "வாணாம், இலைக்குக் கூச்சமா பூடும்" என்று சொல்லி, விழுதைக் கொட்டாங்கச்சியில் வழித்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் தெருவில் பலர் சொல்லாத நன்றியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் நடமாடினார்கள். ஐப்பசி மழையில் அது கொஞ்சம் இருமலாக வெளியே வரும். மற்ற நாட்களில் தொந்தரவு இல்லை.

சுவரில் அது முதலில் அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு வேர்க்குருவாகத்தான் வந்தது. பிறகு தோள் உயரத்தில் வட்டம் வட்டமாகப் படர்தாமரை எழும்பியது. ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து, சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்ந்தது. சாக்கடையைத் தொடுகிற அடிப்பகுதியில் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே வெள்ளையாக ஊறிப்போய், லூர்துவின் கால்விரல் இடுக்குப் போலவே நாறியது. சன்னல் விளிம்பு வெடித்து நீர் வடிந்தது. தெரு ஆடுகள் வந்து உரசினால் சுவர் சற்று நெளிந்து இடம் கொடுக்கும். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அதற்கு அரிப்பு தாங்காது; ஓடுகள் கடகடவென்று ஆடும். அப்போது ரஹீமுன்னிசா தென்னந்துடைப்பத்தை எடுத்து மேலிருந்து கீழாகப் பத்து நிமிடம் சொறிந்துவிடுவார். வீடு ஒரு பெருமூச்சு விட்டு அமரும். சுவருக்கும் இலை அரைத்துத் தடவிப் பார்த்தார். பிடிக்கவில்லை. அங்கிருந்து போவதற்கு அரிப்புக்கு வேறு இடம் இல்லை என்று அவர் புரிந்துகொண்டார்; புரிந்துகொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

கண்டுபிடித்தவர் பட்டம்மாள். ஒரு நாள் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, சுவரில் இடுப்புயரத்தில் அடுப்புக்கல் போல மூன்று புள்ளியும் அதன் கீழே ஒற்றைப் புள்ளியுமாகச் சிரங்கு இருப்பதைப் பார்த்தார். பத்து நாள் தன் கையால் மருந்து போட்ட சிரங்கை ஒரு தாய்க்கு அடையாளம் தெரியாதா? பாலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மாலைக்குள் தெரு முழுக்க வந்து அவரவருடையதைப் பார்த்துவிட்டுப் போனது. யாரும் சத்தமாகப் பேசவில்லை.

வீட்டுக்காரர் அப்பாவு மட்டும் சத்தம் போட்டார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்துத் தெருவில் மகனோடு இருந்தார். அந்த வீடு அவர் அப்பா கட்டியது.

"இன்னா பாயம்மா, என் வூட்ட இப்டி பண்ணி வச்சிகிற? சொவரா இது? சொறி புடிச்ச நாய் கணக்கா கீது. ஒரே கலீஜு!"

ரஹீமுன்னிசா தலை குனிந்து, "தப்புதாண்ணே" என்றார்.

அப்பாவு இரண்டு தடவை பெயின்ட் அடித்தார். முதல் வாரம் சுவர் வழவழவென்று பிள்ளைக் கன்னம் போல இருந்தது. மூன்றாம் வாரம் பெயின்ட்டுக்கு அடியில் எல்லாம் இரண்டு மடங்காகப் படர்ந்து வெளியே வந்தது. அந்தத் தெருவில் இதைத் தன் தோலில் பார்க்காதவர்கள் குறைவு.

"மெடிக்கல்ல எவனையோ கேட்டு டியூபு வாங்கித் தடவுனா மாதிரியே கீது நைனா" என்றார் பட்டம்மாள். "மேல சூப்பரா இருக்கும். உள்ள குடும்பம் நடத்தும்."

"நீ உன் இட்லிய பாரு. கல்லு மாதிரி கீது. வேணா நாலு குடு, சொவத்துல வச்சிக் கட்டலாம்."

"குடுக்கறேன். சொவரு உயிரோட இருந்தா வாங்கிக்க."

அது வேடிக்கைப் பேச்சாகவே முடிந்திருக்கலாம். ஆனால் புரட்டாசியில் வாசற்படி ஓரம் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. லாரி போகும்போதெல்லாம் உள்ளே தட்டுகள் குலுங்கின. மாநகராட்சிப் பொறியாளர் வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். சுவர் தெருப்பக்கம் சாய்ந்திருந்தது. இருபது நாளில் மறுபடி வருவேன், இதே நிலை என்றால் வீட்டைக் காலி செய்து இடித்துவிட வேண்டியதுதான் என்று எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதில் தவறில்லை. அந்தச் சுவரின் நிழலில்தான் பள்ளிப் பிள்ளைகள் வேனுக்குக் காத்திருப்பார்கள். ரஹீமுன்னிசா அன்றே அம்மியைக் கவிழ்த்து வைத்தார். குடோனில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பழைய வண்ணாரப்பேட்டை வரைக்கும் நடந்து வீடு தேடினார். அவருடைய கைராசி அவருக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. நல்ல மனுஷிதான், ஆனால் எங்கள் சுவரும் பாவம்தானே என்றார்கள் வீட்டுக்காரர்கள். ஒருவரும் இடம் தரவில்லை. இருபது நாளில் பன்னிரண்டு நாள் போய்விட்டது.

பதின்மூன்றாம் நாள் எழில்மொழி பள்ளி வேனுக்குக் காத்திருக்கும்போது தூக்கக் கலக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் முழங்கை மூன்று புள்ளிமேலும் ஒற்றைப் புள்ளிமேலும் பட்டது. பள்ளியிலிருந்து திரும்பியபோது சிரங்கு அவள் கையில் இருந்தது. சுவரில் அந்த இடம் புதிதாகப் பூசியது போல இருந்தது. தட்டிப் பார்த்தால் கெட்டியாக ஒலித்தது. பட்டம்மாள் மகளை ஒரு அறை அறைந்தார். பிறகு அணைத்துக்கொண்டார். பிறகு கடையைச் சாத்திவிட்டு நேராக ரஹீமுன்னிசாவிடம் போய் நின்றார்.

"பாயம்மா, என் கரப்பான் எது? சன்னலாண்ட கீதே, அதானே?"

ரஹீமுன்னிசா சன்னலை மறைத்துக்கொண்டு நின்றார். "அல்லாவே, பைத்தியமா உனுக்கு? புண்ணு கைய வச்சிகினு மாவ எப்டி கரைப்ப? போ, போய் வேலையப் பாரு. குடுத்தத திருப்பி வாங்குற பழக்கம் எனக்கில்ல."

லூர்துவையும் அப்படித்தான் விரட்டினார். "அக்கா, ஐஸ்ல நிக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு மேட்டரா? என் கால்ல இருந்தது என் கால்லயே இருக்கட்டும்" என்று அவன் கெஞ்சினான். அவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையில் துடைப்பத்தோடு சுவருக்குக் காவல் இருந்தார்.

ஆனால் அவர் குடோனுக்குப் போகாமல் இருக்க முடியாது. தொழாமலும் இருக்க முடியாது. அந்த இடைவெளிகளில் தெரு வேலை செய்தது. ஒருவர் வருவதை மற்றவர் பார்க்காதது போல இருந்துகொண்டார்கள். லூர்து செருப்பைக் கழற்றிவிட்டு, யாருக்கோ போன் பேசுகிறவன் போலச் சுவரின் அடியில் கால் விரல்களை வைத்துக்கொண்டு நின்றான். பட்டம்மாள் தன் கரப்பான் முழுவதையும் இடது கையிலேயே வாங்கிக்கொண்டார். மாவு கரைக்க வலது கை போதும். மீன் விற்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வேலைக்காகக் காட்டுப்பள்ளிக்குக் குடிபோனவர்கள் கூட மூன்று பஸ் மாறி வந்து, அவரவர் வட்டத்தைத் தேடி, தோளைச் சாய்த்துவிட்டுப் போனார்கள். எடுத்துக்கொண்ட பின் பலருக்கு இருமல் நின்றுவிட்டது. ராத்திரியில் சொறிந்துகொண்டே நிம்மதியாகத் தூங்கினோம் என்று பின்னாளில் சொன்னார்கள். ஆண்டவன் மனிதனுக்குத் தோலை ஏன் இவ்வளவு பெரிதாகக் கொடுத்தான் என்பது அதற்குப் பிறகுதான் கொஞ்சம் விளங்கியது.

ரஹீமுன்னிசா மாலையில் வந்து சுவரைத் தடவிப் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் நல்ல இடம் கூடிக்கொண்டே இருந்தது. யாரையும் கேட்கவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பொறியாளர் வர வேண்டும். சுவரில் ஒரே ஒரு படர்தாமரைதான் பாக்கி இருந்தது. வாசற்படி ஓரம், விரிசலின் வாயில், சோற்றுத் தட்டின் அளவு. அது போனால் விரிசல் மூடிக்கொள்ளும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. ஆனால் அது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. லூர்து முதுகைக் காட்டிப் பார்த்தான், ஒட்டவில்லை. பட்டம்மாளும் வலது கையை வைத்துப் பார்த்தார். அடுத்தவருடையது யாருக்கும் வராது. "எவன்டா அது, தட்டு சைஸுக்கு வளத்து வச்சிகினு கம்முனு கீறவன்?" என்று லூர்து தெருவைப் பார்த்துக் கத்தினான். ரஹீமுன்னிசாவுக்கு ஆள் தெரியும். சொல்லும்படி பட்டம்மாள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டார்.

"ஒருத்தர் தோல் சமாச்சாரத்த இன்னொருத்தர் கிட்ட சொல்ல மாட்டேன். வூடு போனா போவுது" என்று சொல்லிவிட்டு ரஹீமுன்னிசா உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினார்.

அது அப்பாவுவினுடையது. நான்கு வருடத்துக்கு முன் மகள் கல்யாணம் நெருங்கியபோது, டியூபு வாங்கித் தடவித் தடவி இடுப்புக்கு மேலே முதுகில் தட்டளவு வளர்ந்திருந்த படர்தாமரையோடு, சீமையகத்தி இலையை நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஒரு மதியம் அவர் வந்தார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். ரஹீமுன்னிசா சொல்லவில்லை. கலீஜு என்று அவர் தெருவில் நின்று திட்டியபோதும், பெயின்ட் வாளியோடு வந்து தன்னுடைய வட்டத்தின் மேலேயே இரண்டு பூச்சு அடித்தபோதும் சொல்லவில்லை. தப்புதாண்ணே என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு மதியம் இரண்டரைக்குத் தெரு கறிச்சோறு தின்றுவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தது. ரஹீமுன்னிசா சாக்குகளை ஏற்றுவதற்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டி பேசப் போயிருந்தார். அப்பாவு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு நாய் கூட இல்லை. சட்டையை மடித்து வாசற்படியில் வைத்தார். பனியனைத் தூக்கிக்கொண்டு, முதுகை விரிசலோடு சேர்த்து அழுத்தி, கண்ணை மூடி நின்றார். முதலில் சூடாக இருந்தது. பிறகு எறும்பு ஊர்வது போல ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டது. சுவர் அவருக்குப் பின்னால் எலும்பில் நெட்டி முறிப்பது போன்ற ஒரு சத்தத்தோடு நிமிர்ந்து நேரானது. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, பித்தானைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டு, வந்த வழியே போனார்.

மறுநாள் பொறியாளர் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சுவர் நேராக இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரஹீமுன்னிசா சாக்குகளைப் பிரித்தார். அம்மியை நிமிர்த்திப் போட்டார். இப்போதும் இலை அரைக்கிறார். குணமாகிறவர்கள் கடைசியில் நகக்கண் அளவு அரிப்பைத் தங்களிடமே நிறுத்திக்கொள்கிறார்கள். அவ்வளவு போதும், மீதி சுவர் வரை போவதில்லை. அப்பாவு மட்டும் மறுபடி இலையோடு வராமல் தட்டளவையும் வைத்திருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்க் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துவிட்டு வருவார். என்னவென்று மருமகள் கேட்டதற்கு வேர்க்குரு என்றார். அது மார்கழி மாதம். மருமகள் தென்னங்குச்சி ஒன்றைச் சீவி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்துவிட்டாள்.