நாடி பார்க்கும் தங்கக் கடிகாரம்

பெண் கேட்டு வருகிறவனிடம் என்ன வேலை, என்ன சம்பளம், ஏதாவது பழக்கம் உண்டா என்று கேட்பது ஊர் உலகத்து வழக்கம். கர்ட்டன் கடை முதலாளி வீட்டில் அதெல்லாம் அப்புறம்தான். முதலில் கையை நீட்டச் சொல்வார். தங்கக் கடிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிமிஷத்துக்கு நாடி எத்தனை அடிக்கிறது என்று எண்ணுவார். எண்பதைத் தாண்டினால் வந்த வழியே போய்விட வேண்டியதுதான். இதுவரை வந்த இரண்டு பேரும் அப்படித்தான் போனார்கள். அதில் ஒருவன் வாசலில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுலயே எனக்கு இப்படியா?" என்று அழுதுவிட்டுப் போனானாம். பெண் கேட்க வந்தவனுக்கு இது தேவையா?

மூன்றாவதாக வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தவன் லிஃப்ட் மெக்கானிக். இவனுக்குப் பெண்ணைப் புதிதாகப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுபோனபோது, கர்ட்டன் துணிச் சுருளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவள் அவள். வெளியே நின்று, "பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று கத்தியவன் இவன்.

"நான் எங்கே பயந்தேன்? நீங்கதான் பதறுறீங்க. சீக்கிரம் திறங்க, எங்கம்மா மேல ஏணியில நின்னுக்கிட்டு இருக்காங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அந்தக் குரலில் விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

வருவதற்கு முன்னாலேயே அவள் பாடம் நடத்தியிருந்தாள். "காபி குடிச்சிட்டு வராதே. தெருவில மெதுவா நடந்து வா. முக்கியமா, என்னைப் பார்க்காதே."

"பொண்ணு பார்க்க வந்துட்டு உன்னைப் பார்க்காம?"

"பார்த்தா எகிறும். அப்புறம் உன் இஷ்டம்."

பார்க்கவில்லை. முதலாளியைத்தான் பார்த்தான். அவர் நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உடம்பை அலுங்காமல் வைத்துக்கொள்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கல்யாணம் ஆன புதிதில் ஒருநாள் சும்மா தன் நாடியைப் பார்த்தார், தொண்ணூற்றுச் சொச்சம் வந்தது. அன்றோடு சரி. துணிச் சுருளைத் தூக்கமாட்டார், படி ஏறமாட்டார், உப்புப் போட்டால் தட்டைத் தள்ளிவிடுவார். வாடிக்கையாளர் வீடுகளில் கர்ட்டன் கம்பி மாட்ட ஏணியில் ஏறுகிறவர் அவருடைய மனைவி. வாயில் திருகாணியைக் கடித்துக்கொண்டு, கையில் துளை போடும் மிஷினோடு அந்த அம்மாள் உச்சியில் நிற்பார். இவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு, "பார்த்தும்மா, பார்த்து" என்பார். அத்தோடு அவருடைய வேலை முடிந்தது.

"இந்தக் கடிகாரம் யாரோடது தெரியுமா தம்பி?" என்று ஆரம்பித்தார் முதலாளி, வெல்வெட் பெட்டியைத் திறந்தபடி.

தெரியும். அவள் சொல்லியிருக்கிறாள். தெரியாது என்று தலையாட்டச் சொன்னதும் அவள்தான். ஆட்டினான்.

"எங்க டாக்டர் தாத்தாவோடது. எங்கப்பாவோட தாத்தா. ஒரு பெரிய மர வியாபாரி சாகக் கிடந்தான், எங்க தாத்தா சொன்ன சொல் மாறாம தினம் குறிச்ச நேரத்துக்குப் போய் வைத்தியம் பார்த்துப் பிழைக்க வச்சாரு. எழுந்து நடந்த அன்னைக்கே அவன் இந்தத் தங்கக் கடிகாரத்தைப் பரிசாக் குடுத்தான். மூடிக்கு உள்ள பாருங்க, எழுதியிருக்கு."

மூடியின் உட்புறம் பொடிப்பொடியாகச் செதுக்கியிருந்தது: 'நேரம் தவறாத மருத்துவருக்கு நன்றியுடன்.'

"அதுக்கப்புறம்தான் தாத்தாவுக்கு ஞானமே வந்துச்சு. அதுவரைக்கும் சளி, காய்ச்சல்னு பார்த்துக்கிட்டு இருந்தவரு, இந்தக் கடிகாரத்தை வச்சு நாடி பார்த்தாரு பாருங்க, ஊர்ல பாதிப் பேருக்கு இதயப் படபடப்பு! மத்த டாக்டர் ஒருத்தனுக்கும் தெரியலை. இவர்தான் கண்டுபிடிச்சாரு. வீடு கொள்ளாத கூட்டம். பாவம், அவரால எங்கேயும் நேரத்துக்குப் போக முடியலை. சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே பந்தலைப் பிரிக்கிறப்போதான் போய்ச் சேர்ந்தாரு. ரயிலைப் பிடிச்சதே கிடையாது. அத்தனை நோயாளிங்க!"

"கடைசியில?" என்றான் இவன். கேட்கவேண்டிய இடம் அது என்று அவள் சொல்லியிருந்தாள்.

முதலாளியின் கண் கலங்கியது. "கடைசியில படுக்கையில கிடந்தப்போ கடிகாரத்தைக் கேட்டு வாங்கி, தன் நாடியைத் தானே பார்த்தாரு. 'எனக்கு ஒண்ணும் இல்லை, எல்லாம் சரியா இருக்கு'ன்னாரு. சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு. அந்தத் தைரியம் யாருக்கு வரும், சொல்லுங்க?"

சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்பு வந்தால் என்ன பாடு என்று பட்டவர்களுக்குத் தெரியும். இவன் தொண்டையைச் செருமிச் சமாளித்தான்.

"அப்போ இதுல மணி பார்க்கிறதில்லையா சார்?"

முதலாளி அவனைக் கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மணி பார்க்கச் சுவர்ல ஒண்ணு மாட்டியிருக்கு. இது நாடி பார்க்க மட்டும். எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான். நாடி பார்க்கிறப்போ சாவி குடுப்போம், பார்த்து முடிச்சதும் பெட்டிக்குள்ள வச்சிடுவோம். கையை நீட்டுங்க."

நீட்டினான். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். முகப்பில் இருந்த குட்டி வட்டத்துக்குள் விநாடி முள் நகரத் தொடங்கியது. முதலாளியின் விரல் மணிக்கட்டில் பட்டதும் இவனுக்கு உள்ளங்கை வேர்த்தது. மனசை அடக்க ஒரே வழிதான் தெரியும். எண்ணுவது. லிஃப்ட் கதவு எத்தனை விநாடி திறந்து நிற்கிறது, எத்தனை விநாடியில் மூடுகிறது என்று நாள் முழுக்க எண்ணிப் பார்ப்பதுதான் இவன் பிழைப்பு. கடிகாரத்தைப் பார்க்காமலே விநாடி பிசகாமல் எண்ணுவான். அப்படியே மனசுக்குள் எண்ண ஆரம்பித்தான். அறுபது வந்தது. முதலாளி விடவில்லை. எழுபது வந்தது. சரி, பெரியவர் நிதானமாகப் பார்க்கிறார் போல. எண்பதில்தான் விநாடி முள் ஒரு சுற்று முடிந்து, அவர் விரலை எடுத்தார்.

"நூறு" என்றார், சாவுச் செய்தி சொல்கிற குரலில்.

உள் அறைக் கதவுக்குப் பின்னால் அவள் "ஐயோ" என்றது கேட்டது.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா நூறு அடிக்கிற நெஞ்சை நம்பி எப்படிப் பொண்ணைக் குடுப்பேன்? லிஃப்ட் நின்னுபோனா நீங்க படி ஏறித்தானே போகணும்? என்ன பிழைப்பு இது உங்களுக்கு?" அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரே நோய்க்காரர்கள் பேசிக்கொள்கிற பாசத்தோடு, "உப்பைக் குறைங்க. இடது பக்கமாப் படுக்காதீங்க. அப்பப்போ வாங்க, பேசிக்கிட்டு இருப்போம்" என்றார்.

கடிகாரத்தை உள்ளே கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்கச் சொல்லி மகளைக் கூப்பிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து வாங்கிக்கொண்டு போனாள். இவன் கை கழுவுகிற சாக்கில் பின்னாலேயே போய், அடுக்களை மேடையில் கடிகாரத்தை வைத்து, பக்கத்தில் தன் செல்போனையும் வைத்து ஓடவிட்டான். செல்போன் ஒரு நிமிஷத்தை முடித்துவிட்டு அடுத்ததில் கால் வைத்து வெகுநேரம் ஆனபிறகுதான் கடிகாரத்துக்கு ஒரு நிமிஷம் முடிந்தது.

"பார்த்தியா? கடிகாரம் நொண்டுது. அதோட நிமிஷம் நீளம். நீளமான நிமிஷத்துக்கு எண்ணினா யாருக்குத்தான் நூறு வராது? உங்க தாத்தா கண்டுபிடிச்ச நோயும் இதுதான், அவர் ரயிலை விட்டதும் இதனாலதான். அந்த மர வியாபாரி குடுத்ததே ஓட்டைக் கடிகாரம்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்போ உனக்கு ஒண்ணும் இல்லையா? வா, அப்பாகிட்ட சொல்லலாம்." இரண்டடி எடுத்து வைத்தவள் அப்படியே நின்றாள். முகத்தில் இருந்த மலர்ச்சியெல்லாம் வடிந்துவிட்டது. "அப்போ அப்பாவுக்கும் ஒண்ணும் இல்லை."

"இல்லைதான்."

"எப்பவுமே இருந்ததில்லை."

இவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

"இது அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க. இவ்வளவு வருஷமா அந்த ஏணியில... போன மாசம்கூட முட்டி வீங்கி நடக்க முடியாம நடந்தாங்க. சொல்லாதே. தயவுசெஞ்சு சொல்லாதே."

"சொல்லாட்டி உன்னைக் குடுக்கமாட்டாரு."

"சொன்னா வீடு ரெண்டாயிடும்."

மாட்டிக்கொண்டான் பாவி. தான் ஆரோக்கியமானவன் என்று சொல்ல வேண்டுமானால் மாமனாரையும் ஆரோக்கியமானவராக்க வேண்டும். இந்த ஜென்மத்தில் அதற்கு அவர் இவனை மன்னிக்கப்போவதில்லை.

"என்ன சொல்லாட்டி?" என்றது பின்னால் ஒரு குரல்.

காபி தம்ளர்களை எடுக்க வந்த அம்மாள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. செல்போனைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு முழு சுற்று முடிகிறவரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஏணியில் நின்று கண் அளவிலேயே கம்பி மட்டம் பிடிக்கிறவருக்கு இதற்குமேல் யார் விளக்க வேண்டும்? காது சிவந்தது. மூக்கு விடைத்தது. கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். இவர்கள் இருவரும் பதறியடித்துப் பின்னால் ஓடினார்கள்.

"என்னங்க."

"என்னம்மா? அந்தப் பையன் கிளம்பிட்டானா?"

"ஊருக்கெல்லாம் பார்த்தீங்க. வர்றவன் போறவன் கையையெல்லாம் பிடிச்சீங்க. ஒரு நாளாவது என் கையைப் பிடிச்சு எனக்கு எப்படி இருக்குன்னு பார்த்திருக்கீங்களா?"

முதலாளி திகைத்தார். "உனக்கு என்ன? நீ கல்லு மாதிரி இருக்கே."

"பாருங்க" என்று கையை நீட்டினார் அம்மாள்.

அவர் பிடித்தார். துளை போட்டுப் போட்டுக் காய்த்துப்போன கையை முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து உதட்டசைவில் எண்ண ஆரம்பித்தார். அம்மாளோ உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தார். கடிகாரமோ நொண்டிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை நூறைத் தாண்டியபோது முதலாளியின் நெற்றியில் வேர்வை. நூற்றுப்பத்தில் உதடு நடுங்கியது. நூற்றிருபதில் கடிகாரத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

"ஐயோ! நூத்தி இருபது! படுத்துக்கோ, அசையாதே! மேல மூணாவது மாடியில டாக்டரம்மா இருக்காங்க!"

யாரும் வாயைத் திறப்பதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தார். இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறுகிற சத்தம் கேட்டது. மேலே ஒரு கதவை உடைக்கிற மாதிரி தட்டினார். பிறகு அதே வேகத்தில் இறங்குகிற சத்தம்.

"பூட்டியிருக்கு! நான் ஓடிப்போய் வண்டி கூப்பிடுறேன். தம்பி, அவளைப் பிடிச்சுக்கங்க! கண்ணு, அம்மாவுக்குத் தண்ணி குடு! நீ ஒண்ணும் பயப்படாதேம்மா, நான் இருக்கேன்!" அழுகை வந்துவிட்டது அவருக்கு. மூச்சு மட்டும் வாங்கவில்லை.

அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். விடைத்த மூக்கு மெல்ல இறங்கியது.

"உட்காருங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. ஓய்வு எடுத்தாச் சரியாயிடும்."

"எடு. எடுத்துக்கோ. இனிமே ஏணிப் பக்கமே நீ போகக்கூடாது."

"அப்போ யாரு ஏறுறதாம்?"

"நான் ஏறுறேன்!" சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. "இப்பவே மூணு மாடி ஏறினேன்ல?"

"ஏணியைக் கீழ இருந்து பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்றார் அம்மாள், மெக்கானிக்கைப் பார்த்து. "மாப்பிள்ளை பிடிப்பாரு."

"மாப்பிள்ளையா? அவருக்கு நூறும்மா!"

"எனக்கு நூத்தி இருபது. என்னை எந்த வழியில அனுப்பப் போறீங்க?"

முதலாளி மனைவியைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். மகள் கதவோரமாக நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேணும்னா முகூர்த்தத்துக்கு முந்தி உப்பைக் குறைச்சுக்கச் சொல்லு" என்றார் அவர் கடைசியில்.

கல்யாணம் நடந்தது. இப்போதெல்லாம் கர்ட்டன் மாட்டப் போகிற இடங்களில் முதலாளி ஏணி உச்சியில் நிற்கிறார். கீழே நாற்காலியில் அம்மாள் உட்கார்ந்து, "கம்பி கோணலா இருக்கு, இடது பக்கம் தூக்குங்க" என்கிறார். தினமும் காலையில் பல் தேய்த்தவுடன் முதலாளி கடிகாரத்தோடு வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறார். தொண்ணூற்றுக்குக் கீழே அது எப்படி வரும்? கவலையோடு அந்தக் கையை இன்னும் கொஞ்ச நேரம் தடவிக்கொடுக்கிறார்.

இதைப் பார்த்துப் பார்த்து மெக்கானிக்குக்கு மனசு உறுத்தியது. ஒருநாள் மாமனார் இல்லாத நேரத்தில் அத்தையிடம் சொன்னான். "அத்தை, கடிகாரத்துக்குள்ள வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு சின்ன முள்ளுதான். கொஞ்சம் தள்ளிவிட்டாச் சரியாயிடும். அஞ்சு நிமிஷ வேலை. பாவம், வீணாக் கவலைப்படுறாரு."

அம்மாள் கடிகாரத்தை அவன் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"சரியாக்கிடாதீங்க மாப்பிள்ளை. சரியாப் போச்சுன்னா கையை விட்டுடுவாரு."