நடுச்சுவருக்கு இரண்டு பக்கம்

கடை வளாகத்தின் மேல்மாடியில் தியேட்டர் திறந்தபோது அக்காவுக்குப் பதினோரு வயது, தம்பிக்கு ஆறு. கட்டியவர் அவர்களுடைய அப்பா. கீழே செருப்புக்கடை, மருந்துக்கடை, கடிகாரம் பழுதுபார்ப்பவர். மேலே நானூற்றிருபது சீட். செருப்பு வாங்க வந்தவன் படம் பார்த்துவிட்டுப் போவான், படம் பார்க்க வந்தவன் செருப்பு வாங்கிக்கொண்டு போவான் என்று அப்பா போட்ட கணக்கு முப்பது வருஷம் தப்பவில்லை.

அப்பா போன பிறகு அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். அக்காவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. டிக்கெட் ஜன்னலில் இருப்பாள், திரும்பிப் பார்த்தால் பால்கனிப் படியில் யாரையாவது விரட்டிக்கொண்டிருப்பாள். தன் தியேட்டரில் ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் வெளியூர் போய்த் திரும்பியவள், அரங்குக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா போட்ட நாற்காலிகளில் ஒன்றுகூட இல்லை. சாய்ந்துகொள்ளும் சிவப்பு நாற்காலிகளை இறக்கியிருந்தான் தம்பி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டாள். நீ உன் வீட்டைப் பார், இங்கே என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றான் அவன். பேச்சு தடித்தது. இதுவும் என் வீடுதான், பாதியை அளந்து கொடு என்று கோபத்தில் சொல்லிவிட்டாள்.

மறுவாரமே அவன் தச்சர்களோடு வந்து நின்றான். அரங்கின் நடுவே பலகைச்சுவர் எழுந்தது, பக்கத்துக்கு ஒரு திரை. அளக்கிற டேப்பின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை அவள் பிடித்தாள். அன்றிலிருந்து தம்பி அவளை ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தான். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அரங்கைப் பிரித்தார்களே தவிர படம் ஓட்டும் ஆபரேட்டரைப் பிரிக்க முடியவில்லை. ஒரே அறையில் இரண்டு மெஷின்களுக்கு நடுவே அவர் திண்டாடினார். சுவர் பெயருக்குத்தான் சுவர். அக்கா பக்கம் ஒரு தாய் கண்ணை மூடப்போகும் நேரத்தில் தம்பி பக்கம் குண்டு வெடிக்கும். அழ வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். அவள் சத்தத்தைக் கூட்டச் சொல்வாள். அவன் அதற்குமேல் கூட்டுவான். மேஜையில் வைத்த திருகாணி தானாக நடக்கிறது என்று கடிகாரக்காரர் மாடியேறி வந்து முறையிட்டார்.

கடைசியில் ஆபரேட்டரே ஒரு வழி கண்டுபிடித்தார். உங்கள் படத்தைப் பன்னிரண்டு நிமிஷம் தள்ளிப் போட்டால், அங்கே வெடிக்கும்போது இங்கே பாட்டு ஓடும் என்று அக்காவிடம் சொன்னார். தம்பிக்குத் தெரியக்கூடாது என்ற நிபந்தனையோடு அவள் சம்மதித்தாள். அதே ஏற்பாட்டுக்கு, அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று தம்பி ஏற்கெனவே சம்மதித்திருந்தான்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அக்காவுக்கு மட்டும் நிம்மதியில்லை. காட்சி நடக்கும்போதெல்லாம் சுவரோரமாகவே நடப்பாள். அந்தப் பக்கம் கூட்டம் சிரித்தால் வயிறு எரியும். சிரிக்காவிட்டால், என்ன ஆச்சு, ஆள் வரவில்லையா என்று ஆபரேட்டரைத் துளைப்பாள்.

ஒரு மத்தியானக் காட்சியில் அவளுடைய வாசலை ஒட்டியிருந்த பாப்கார்ன் மெஷின் தீப்பிடித்தது. உள்ளே நாற்பத்து மூன்று பேர். கதவைத் திறந்தவர்கள் புகையைப் பார்த்துவிட்டு இருமிக்கொண்டே பின்வாங்கினார்கள். வேறு வழி கிடையாது. அவசர வழியும் அதன் படிக்கட்டும் சுவருக்கு அந்தப் பக்கம்.

அக்கா இரண்டு கையாலும் பலகையை அறைந்தாள். தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். இரண்டு வருஷமாக அவள் வாயில் வராத பெயர். அந்தப் பக்கம் படம் நின்றது. தீயணைக்கும் சிலிண்டரால் யாரோ இடிக்கும் சத்தம் கேட்டது. பலகை பிளந்து, முதலில் தம்பியின் கை வந்தது. முழங்கை வரை ரத்தம்.

“அக்கா, நீ வா முதல்ல.”

“இவங்க போகட்டும்டா. நீ பிடிச்சு இழு.”

ஒவ்வொருவராக ஓட்டைக்குள் தள்ளினாள். அவன் வாங்கிப் படிக்கட்டுக்கு அனுப்பினான். ஆபரேட்டரும் இறங்கிய பிறகே இருவரும் இறங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில், அவன் கையில் தன் துப்பட்டாவைச் சுற்றினாள்.

“அவசர வழி என் பக்கம் போயிடும்னு அளக்கும்போதே தெரியும்,” என்றான் தம்பி. “நீயா வந்து கேப்பேன்னு இருந்தேன்.”

“எனக்கும் தெரியும்,” என்றாள் அவள். “உங்கிட்ட கேக்க மனசு வரல.”

அதிகாரிகள் வந்தார்கள், பூட்டுப் போட்டார்கள். சுவரை எடுத்துவிட்டு நான்கு மாதம் கழித்து ஒரே அரங்காகத் திறந்தார்கள். ஒரு வாரம் அவள் சொல்லும் படம், மறுவாரம் அவன் சொல்லும் படம். பழைய கூட்டம் வரவில்லை. ஐந்தாம் வருஷம் மேல்மாடியை ஒரு சூப்பர் மார்க்கெட் எடுத்துக்கொண்டது. அக்காவும் தம்பியும் எல்லாம் பேசினார்கள், அந்த மத்தியானத்தைத் தவிர.

ஒருநாள் அங்கே சோப்பு வாங்கிக்கொண்டிருந்த அக்காவின் கையை ஒரு டீச்சர் வந்து பிடித்துக்கொண்டார். அன்றைக்கு உள்ளே இருந்தவர்களில் ஒருவராம். நீங்கள் இரண்டு பேரும் இல்லையென்றால் நான் இன்றைக்கு இல்லை என்று கண் கலங்கினார். அக்கா கையை உருவிக்கொண்டு, சாமான்களை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படிக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

“எனக்கும் போன மாசம் ஒருத்தர் நன்றி சொன்னாரு,” என்றான் அவன்.

“நீ என்ன சொன்ன?”

“தலையாட்டிட்டு வந்துட்டேன்.”

போனை வைத்தாள். இரண்டு படி இறங்கினாள், நின்றாள், திரும்ப ஏறினாள். அலமாரிகளுக்கு நடுவே வரிசை வரிசையாகத் தேடி, பில் போடும் இடத்தில் டீச்சரைப் பிடித்தாள். சுவரைப் பற்றி, டேப்பைப் பற்றி, அவசர வழி ஒரு பக்கம் மட்டும் போனது இருவருக்கும் தெரிந்தே இருந்ததைப் பற்றி, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

டீச்சர் கூடையைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டார். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

“அன்னைக்கு என் பொண்ணும் என்கூட இருந்தா,” என்றார். கூடையை எடுத்துக்கொண்டு வரிசையில் முன்னால் நகர்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா மறுபடி போன் போட்டாள். சொல்லிவிட்டேன் என்றாள்.

“அங்கேயே இரு,” என்றான் தம்பி. “வர்றேன்.”