நடுவில் ஒரு மேடு

லூசியாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி தூக்குவாளியோடு கொல்லைப்புறமாக வந்துவிட்டாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. காலையிலிருந்து எல்லாருக்கும் அவள் வீட்டுக் காப்பிதான்.

"தாயி ஜெரினா, முதல்ல உன் வீட்டுக்காரருக்கு வையி. மனுசன் பல்லுல பச்சைத்தண்ணி படலை."

ஜெரினா மூடியைத் திறந்தாள். தோசை. ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். தோசையின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிறு மேடு.

அது அவள் மாமியார் லூசியாவின் இரும்புக் கல்லில் சுட்டால் மட்டும் வருகிற மேடு. கல்லின் நடுவே அந்த அளவுக்கு ஒரு பள்ளம் உண்டு. போன வருடம் ஜெரினா ஆசை ஆசையாய் மதுரையிலிருந்து நான்ஸ்டிக் கல் வாங்கிவந்தாள். லூசியா பழக்கதோஷத்தில் அதை இரும்புக் கரண்டியால் சுரண்டிவிட, கறுப்புப் பூச்சு உரிந்து போயிற்று. "இனிமே இங்குட்டு அடுப்புப் பக்கமே வராதீக அத்தை" என்று விருந்தாளிகள் முன்னால் கத்தினாள். ஆத்திரம் அதோடும் அடங்கவில்லை. மறுநாள் இரும்புக் கல்லைப் பேரீச்சம்பழக்காரனிடம் போட்டாள். வாங்கிய பழத்தில் ஒன்றை லூசியாவிடமே நீட்டவும் செய்தாள். லூசியா அதை வாங்கித் தின்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தோசையைத் தொடவில்லை. ஏன் என்று மகன் அருண் ஜோசப் கேட்டபோது, "அத்தைக்குப் பல்லு வலியாம்" என்று முந்திக்கொண்டு சொன்னவளும் ஜெரினாதான்.

"அக்கா, இந்தக் கல்லு..."

பொன்னுத்தாயி குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பழக்காரனை உங்க அத்தை எங்க வாசல்ல மறிச்சு வாங்கிட்டாக. வீட்டுக்குக் கொண்டாந்தா நீ சங்கடப்படுவேன்னு எங்க அடுப்படியிலயே வச்சிட்டாக. தோணுறப்ப வருவாக, தானே ரெண்டு சுட்டுத் தின்னுட்டுப் போவாக."

"என்னைப் பத்தி என்ன சொன்னாக?"

"உன்னையா? ஒண்ணும் சொல்லலையே."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஜெரினாவுக்கு. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பின்னாலேயே பொன்னுத்தாயி சட்னியோடு வந்தாள்.

அருண் ஜோசப் ஒரு வாய் பிட்டவன், கையை நிறுத்தி அந்த மேட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

"அம்மா சுட்ட மாதிரியே இருக்கு" என்றான். "பாவம், பல்லு வலின்னு கடைசி வரைக்கும் ஒரு தோசை திங்கலை."

ஜெரினா வாயைத் திறந்தாள். நிலைப்படியில் நின்ற பொன்னுத்தாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்னி போடவா?" என்றாள் ஜெரினா.